குரூப்புக்குள்ள குரூப்பு

ஆடிட் நெருங்குனா நம்ம மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க் பக்கம் எல்லாரும் யாரு எந்த ஃபைலைத் தொறக்கலாம்னு முடிவு பண்ற குரூப்புகளோட மெம்பர் லிஸ்ட்டை எக்ஸெல்ல எடுத்துட்டு மேனேஜர்கிட்ட டிக் வாங்க ஓடுறாய்ங்க, ஆனா கம்பெனி ஆளுங்க கணக்கையும் குரூப்பையும் வச்சிருக்க மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் டைரக்டரில குரூப்பைத் தொறந்தா நேரடி மெம்பர்தான் தெரியும், உள்ள இருக்க குரூப் வழியா வந்தவங்க தெரிய மாட்டாங்க. பேரோல் குரூப்புக்குள்ள ஃபைனான்ஸ் குரூப்பு, அதுக்குள்ள ஒரு டெம்பரவரி குரூப்பு, கடைசில மூணு மாச காண்ட்ராக்ட்ல வந்த தம்பிக்கும் சம்பள ஃபைல் தொறக்கும். இது சின்ன விஷயமே இல்லங்க, ஊர்ல பாதிப் பேரோட சம்பளம் அது.

டைரக்டரில தேடுற எல்டாப் ஃபில்டர்ல, உள்ளுக்குள்ள இருக்க குரூப்பையும் தொடர்ந்து தேடுற 1.2.840.113556.1.4.1941 ரூலைப் போடுங்க, முழுச் சங்கிலியும் வந்துரும். ஆளை அவங்க வேலைக்குன்னு இருக்க ரோல் குரூப்ல மட்டும் போட்டு, ரோல் குரூப்பை ஃபைலுக்கு உரிமை தர்ற பெர்மிஷன் குரூப்ல சேருங்க, அதோட நிறுத்துங்க. அடுக்கிக்கிட்டே போயி ஒருத்தருக்கு 1010 குரூப்பு தாண்டுனா விண்டோஸ்ல லாகினே ஆகாது. கார்டு டேட்டா இருந்தா, அதுக்கான பாதுகாப்பு விதியான பிசிஐ டிஎஸ்எஸ் 4.0.1 யாருக்கு என்ன உரிமை இருக்குன்னு ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரிவ்யூ கேக்கும், அதுக்கு ஒவ்வொரு குரூப்புக்கும் ஓனர் பேரு இப்பவே எழுதி வச்சுருங்க.