பில் எங்கே நிற்கிறது?

நிறுவனங்களின் நடைமுறைகளைக் கணினி கொண்டு மாற்றியமைக்கும் திட்டக் குழுக்களில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. முதல் கூட்டத்திலேயே "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பிடிகொடுக்காமல் நழுவப் பழகிவிட்டேன்.

ஓரிடத்தில் சப்ளையர்களுக்குப் பணம் போய்ச் சேரத் தாமதமானது. கணக்குப் பிரிவு மந்தம் என்பது மேலிடத்தின் முடிவு. நடைமுறைக் கையேட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது (கையேட்டில் எப்போதும் அப்படித்தான்). அங்கிருந்த ஊழியர் ஒருவர் தன் வசதிக்காகத் தேங்கிய பில்களுக்கு ஒரு எக்செல் வைத்திருந்தார். கடைசி நெடுவரிசைக்கு 'ஏன் நிற்கிறது' என்று அவரே தலைப்புப் போட்டிருந்தார். கீழே வரிக்கு வரி ஒரே காரணம்: சரக்கு வந்த பதிவு இல்லை. சரக்கு என்னவோ வந்துதான் இருந்தது. ஸ்டோர்ஸில் துண்டுச் சீட்டில் குறித்துவைத்து, வேலை ஓய்ந்தபோது மொத்தமாகக் கணினியில் ஏற்றினார்கள்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஃபோர்டு கதையும் இதேதான். பில்களைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும் பிரிவில் வட அமெரிக்காவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கணினி வந்தால் 20 சதவீதம் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஜப்பானியக் கார் நிறுவனமான மாஸ்டாவில் அந்த வேலைக்கு 5 பேர்! சிறிய நிறுவனம்தான், ஆனாலும் இடைவெளி உறுத்தியது. கடைசியில் ஃபோர்டு பில்லே வேண்டாம் என்றுவிட்டது. சரக்கு இறங்கும் இடத்திலேயே ஆர்டரோடு ஒப்பிட்டுப் பதிந்தால் போதும், பணம் போய்விடும். ஆட்கள் 75 சதவீதம் குறைந்ததாக நிர்வாகவியல் நிபுணர் மைக்கேல் ஹேமர் 1990-ல் எழுதினார். ஆள்குறைப்பைத்தான் பலரும் பிடித்துக்கொண்டார்கள். கணக்குப் பிரிவின் நோய்க்கு மருந்து ஸ்டோர்ஸ் வாசலில் இருந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

சரி, நாமும் ஸ்டோர்ஸ் வாசலிலேயே பதியலாம் என்றோம். ஸ்டோர்ஸ் தலைவர் எழுந்தார். "தாமதம் அவர்களுடையது, கூடுதல் வேலை எங்களுக்கா?" நியாயமான கேள்வி. துறைவாரியாகத் திட்டம் போட்டால் இதற்குப் பதிலே கிடைக்காது. ஆர்டர் போடுவதிலிருந்து பணம் போவது வரை முழுப் பாதைக்கும் ஒரே ஆள் பொறுப்பு என்று ஆக்கினோம். அவருடைய ஒதுக்கீட்டிலிருந்துதான் ஸ்கேனர்களும் வாசலுக்கு ஒரு ஆளும் வந்தார்கள். எல்லாப் பிரிவுகளையும் இணைக்க ஏற்கெனவே இருந்த மென்பொருளான இ.ஆர்.பி.யே மற்றதற்குப் போதுமானதாக இருந்தது.

ஒப்புதலுக்காகப் போடும் கையெழுத்துகளைப் பற்றியும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். எதைப் பார்த்துப் போடுகிறீர்கள் என்றதற்கு ஒருவர், "முந்தைய கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன்" என்றார். அந்தக் கட்டம் அன்றோடு போனது. சப்ளையர் பட்டியலில் ஒரே நிறுவனம் மூன்று எழுத்துக்கூட்டலில் கிடந்ததைச் சுத்தம் செய்யத்தான் நினைத்ததைவிட அதிக நாள் பிடித்தது.

புதிய முறை ஓடத் தொடங்கிய பிறகும் துண்டுச் சீட்டு நிற்கவில்லை. "ஒரு பாதுகாப்புக்கு" என்றார்கள். அப்புறம் சீட்டும் கணினியும் முரண்படும்போது சீட்டையே நம்பினார்கள். இப்போதெல்லாம் பழைய வழியை மூடும் தேதியையும், அதை மூடுபவர் யார் என்பதையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன்.