கேம்பர் கூரை ஒழுகல்: மூன்றாவது முயற்சியில் வழி பிடித்தாயிற்று

போன சனிக்கிழமை இரவு விடிய விடிய மழை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கேம்பருக்குள், அதாவது இழுத்துக்கொண்டு போகிற எங்கள் முகாம் வண்டிக்குள், போனேன். சாப்பாட்டு மேசைக்கு மேலே விதானப் பலகையைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். அந்த இடைவெளியில் கையை விட்டுத் தடவினால் மரம் காய்ந்து கிடக்கிறது. ஈரமானியைக் குத்திப் பார்த்தேன், 12 சதவீதம். முன்மூலை அலமாரிக்குள் 13. இரண்டு வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் துண்டு விரித்து வைத்த இடங்கள் இவை. வீட்டுக்கு ஓடி வந்து மனைவியை எழுப்பிச் சொன்ன பிறகுதான் காப்பியே குடித்தேன்.

வண்டி 2004 மாடல், 19 அடி நீளம். மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு, கூரையில் ஈபிடிஎம் என்கிற ரப்பர் விரிப்பு. இங்கே கனடாவில், மிசிசாகாவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கோடையில் சேண்ட்பேங்க்ஸ், அல்கோன்குவின் பூங்காக்கள் என்று இழுத்துக்கொண்டு போவோம். வாங்கிய முதல் மே மாதத்திலேயே மேசை ஜன்னலின் மேல்விளிம்பில் பழுப்புக் கறை தெரிந்தது. அப்புறம் முன்பக்கக் கட்டிலின் தலைமாட்டு அலமாரியில் இன்னொன்று. இரண்டும் ஓட்டுநர் பக்கம்தான், ஆனால் இடையில் ஏழடி தூரம்.

முதல் வருஷம் ஜன்னலைச் சந்தேகப்பட்டேன். முழுதாகக் கழற்றி, பழைய புட்டியைச் சுரண்டி, புது பியூட்டைல் (பிசின் மாதிரி ஒட்டுகிற ரப்பர் நாடா) வைத்துப் பூட்டினேன். அடுத்த மழைக்கு அதே இடத்தில் ஈரம். இரண்டாம் வருஷம் கூரை மேல் ஏறி வென்ட், குழாய் மூடி, ஆன்டெனா அடி என்று துளை போட்ட எல்லா இடத்திலும் பழைய சீலன்ட்டை எடுத்துவிட்டு, கூரை இடுக்கை அடைக்கிற டைகார் சீலன்ட் ஊற்றினேன். எட்டு டியூப் தீர்ந்தது. செய்ய வேண்டிய வேலைதான், வீண் என்று சொல்ல மாட்டேன். ஒழுகல் மட்டும் நிற்கவில்லை.

திருப்பம் அப்பாவிடமிருந்து வந்தது. ஊரில் எங்கள் வீடு நாட்டு ஓடு போட்டது. ஐப்பசி வந்தால் ஓடு மாற்றுவது அவர் வேலை. போனில் புலம்பிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "சொட்டுற இடத்தையே அண்ணாந்து பாத்துட்டு நிக்காதப்பா. ஓடு விலகினது ஒரு இடம், தண்ணி ரீப்பர் புடிச்சு இறங்கி வந்து சொட்டுறது வேற இடம். அங்கேருந்து மேட்டைப் பாத்துப் போ."

மேடு எது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. வீட்டு டிரைவ்வேயில் கூரைத் தண்ணீர் பின்பக்கம் வழியட்டும் என்று முன் ஜாக்கியை நன்றாக ஏற்றி, மூக்கு தூக்கினாற்போல நிறுத்துவேன். முகாமில் மட்டம் பார்த்து நிறுத்துவேன். என் நோட்டைப் புரட்டினால், மேசை ஜன்னலில் ஈரம் கண்ட நாள் எல்லாம் வண்டி வீட்டில் நின்ற நாள். அலமாரியில் ஈரம் கண்ட நாள் எல்லாம் முகாமில் நின்ற நாள். அப்படியானால் தண்ணீர் நுழைவது ஒரே இடம். அது முன்மூலையில், மேலே. மூக்கு தூக்கியிருந்தால் பக்கச்சுவரின் தலைச்சட்டத்தின் மேலேயே பின்னோக்கி ஓடி, ஜன்னலுக்காகச் சட்டம் வெட்டியிருக்கும் இடத்தில் இறங்குகிறது. மட்டமாக நின்றால் நுழைந்த மூலையிலேயே இறங்குகிறது. இரண்டு கறைக்கும் ஒரே ஊற்று.

ஆனாலும் "முன்மூலை" என்பது ஒரு சாண் இடம் இல்லை. கூரை ரப்பர் மடிந்து வருகிற ஓரம், அதை அழுத்திப் பிடிக்கிற மூலை மோல்டிங், அதன் ஸ்க்ரூக்கள், முகப்பில் வரிசையாக இருக்கிற ஐந்து மார்க்கர் விளக்குகள் எல்லாமே அங்கேதான். இந்தத் தடவை கண்ணை நம்புவதாக இல்லை. காற்றழுத்தப் பரிசோதனை செய்தேன்: உள்ளே காற்றை ஊதிவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீர் அடித்தால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். சர்வீஸ் கடைகளில் இதற்கென்று தனி ஊதி இருக்கிறது. நான் இலை ஊதியை வைத்துச் செய்தேன்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். கூரை வென்ட்டின் துளை 14 அங்குலச் சதுரம். அந்த அளவுக்கு ஒரு பிளைவுட் துண்டு வெட்டி, நடுவில் ஊதியின் மூக்கு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் ஃபாயில் டேப் ஒட்டினேன். காஸ் சிலிண்டர் வால்வை மூடினேன். சிங்க், ஷவர் வடிகால்களில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன், இல்லாவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும். அடுப்புப் புகைபோக்கி, ஃபிரிட்ஜின் வெளித்தட்டி இரண்டையும் டேப் போட்டு அடைத்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஒரே ஒரு ஜன்னலை மட்டும் இரண்டு விரல் அளவு திறந்து வைத்தேன். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு அந்த ஜன்னல்தான். எல்லாவற்றையும் இறுக்க மூடிவிட்டு முழு வேகத்தில் ஊதினால் ரப்பர் பசை விட்டு எழும்பிவிடும், அப்புறம் மொத்தக் கூரைக்கும் வேலை வரும். குறைந்த வேகமே போதும்.

மனைவி உள்ளே ஜன்னலைப் பார்த்துக்கொள்ள, நான் ஏணியில் ஏறி, பாத்திர சோப்பு கரைத்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலால் அடித்துக்கொண்டே வந்தேன். போன வருஷம் சீலன்ட் ஊற்றிய இடங்களில் ஒரு குமிழிகூட இல்லை. அது ஒரு நிம்மதி. ஓட்டுநர் பக்க மூலை மோல்டிங்குக்கு வந்தேன். மூலையிலிருந்து இரண்டாவது ஸ்க்ரூ, மூன்றாவது ஸ்க்ரூ, இரண்டுக்கும் நடுவே அப்பளம் பொரிகிற மாதிரி நுரை எழும்பியது. அடிக்க அடிக்க எழும்பிக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த மார்க்கர் விளக்கின் கீழ்விளிம்பிலும் பொடிப்பொடியாகக் குமிழி. "கெடச்சிருச்சு!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

மோல்டிங்கின் பள்ளத்தில் செருகியிருந்த வினைல் பட்டை வெயிலில் சுருங்கி, மூலையில் மூன்று அங்குலம் குறைந்து போயிருந்தது. அந்த மூன்று அங்குலத்தில் ஸ்க்ரூ தலைகள் திறந்து கிடந்தன. மற்ற ஸ்க்ரூக்கள் நன்றாக இருக்க, அங்கே இருந்தவை மட்டும் துருவேறி, திருப்பினால் தலை தனியாகக் கையில் வந்தது. உள்ளே இருந்த புட்டி ஏரிக் களிமண் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது.

போதாக்குறைக்கு, வண்டியை எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் மோல்டிங்கின் இரண்டு ஓரத்திலும் சிலிகானைக் கட்டைவிரல் தடிமனுக்கு இழுத்துவிட்டிருந்தார். சிலிகானைக் கூரைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். ரப்பரில் அது சரியாகப் பிடிக்காது, விளிம்பு விட்டுவிடும், விட்ட இடைவெளியில் தண்ணீர் நுழைந்து வெளியே வர முடியாமல் தங்கும். சுரண்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிச்சம் இருக்கும், அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. எனக்கு இரண்டு வார இறுதி இதிலேயே போயிற்று. பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டல், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தல், மறுபடி சுரண்டல். தின்னர், பெட்ரோல் வகையெல்லாம் ஈபிடிஎம்மை உப்ப வைத்துவிடும், தொடவே கூடாது. தகடு சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க மாஸ்கிங் டேப் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டி நின்றால் சரி, நழுவினால் சிலிகான் இன்னும் இருக்கிறது. நாலைந்து தடவை நழுவியது.

உள்ளே தலைச்சட்டத்தில் பதினான்கு அங்குலம் இற்றுப்போயிருந்தது. விரலால் தோண்டினால் ஈரக் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. ஈரமானி அங்கே 28 காட்டியது. 20-க்கு மேலே தொடர்ந்து நின்றால் மரம் மக்கத் தொடங்கலாம், இது எத்தனை வருஷமாக நின்றதோ. விதானப் பலகையைக் கழற்றி, நனைந்த கண்ணாடி இழைப் பஞ்சை அள்ளிப் போட்டுவிட்டு, ஈரம் உறிஞ்சும் மெஷினை நாலு நாள் விடாமல் ஓட்டினேன். 14-க்கு இறங்கிய பிறகுதான் இற்ற பகுதியை வெட்டி எடுத்து, புது பைன் கட்டையை வைத்து, பக்கவாட்டில் இன்னொரு கட்டை துணைக்குச் சேர்த்துப் பசையும் ஸ்க்ரூவும் போட்டேன். இந்தப் பகுதி நினைத்ததைவிடச் சுலபமாகவே முடிந்தது.

பூட்டும்போது பியூட்டைல் டேப், அரைக்கால் அங்குலத் தடிமன், முக்கால் அங்குல அகலம், 30 அடிச் சுருள். செப்டம்பர் கடைசிக் குளிரில் அது விறைத்துக்கொள்கிறது. காரின் டேஷ்போர்டில் வெயில் படும்படி ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் மாவு மாதிரி இளகி வரும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, பழையதைவிட அரை அங்குலம் நீளம், அப்போதுதான் புது மரத்தில் கடிக்கும். முக்கியமானது, ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. பியூட்டைல் மெல்லத்தான் நகரும். முதல் நாள் முக்கால்வாசி இறுக்கி, மறுநாள் மதியம் இன்னும் அரைச்சுற்று, அதற்கும் மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் விளிம்பில் கறுப்பாக ஒரு நூல் பிதுங்கி வந்தது. நீளம் முழுக்க விடுபடாமல் பிதுங்கினால் உள்ளே இடைவெளி இல்லை என்று அர்த்தம். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் நறுக்கிவிட்டு, விளிம்பு முழுக்க வழியாத வகை டைகார். தானே பரவி மட்டமாகிற வகையைச் செங்குத்தான இடத்தில் போட்டால் சுவரில் கோடு கோடாக இறங்கிவிடும்.

சீலன்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, டியூபில் தேதி பாருங்கள். பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் தள்ளுபடியில் ஆறு வாங்கினேன், இரண்டு உள்ளேயே இறுகியிருந்தன. மாற்றித் தர மாட்டேன் என்றார்கள். ஈரமானி கனேடியன் டயர் கடையில் வாங்கியது, ஊசி இரண்டு இருக்கிற சாதாரண வகைதான், இந்த வேலைக்குத் தாராளம். கூரை ஒட்டுப் போடுகிற எட்டர்னாபாண்ட் டேப் ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. ஒட்டினால் பிய்க்க முடியாத சரக்கு அது. மோல்டிங்கை மறுபடி திறக்க வேண்டாம் என்று உறுதியான பிறகுதான் அதை எடுப்பேன்.

அந்த உறுதிக்குத்தான் விதானத்தை இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன். நவராத்திரிக்கு வாங்கிய நீலக் கோலமாவு மீதி இருந்தது. அதைத் தலைச்சட்டத்தின் மேல் ஏழடி நீளத்துக்கு மெல்லிசாகத் தூவிவிட்டேன். ஒரு சொட்டு ஓடினாலும் தடம் கறுத்து, கட்டி தட்டி, எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும். ஈரமானி குத்திய இடத்தை மட்டும்தான் சொல்லும், இது வழி முழுவதையும் சொல்லும். ஞாயிறு காலை டார்ச் அடித்துப் பார்த்தபோது நீலம் தூவினது தூவினபடியே, விரல் பட்டால் பறக்கிற பொடியாகக் கிடந்தது.

மார்க்கர் விளக்கு ஐந்தையும் எல்ஈடிக்கு மாற்ற ஆர்டர் போட்டாயிற்று. கூடவே வரும் நுரை வாஷரைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கேயும் பியூட்டைல்தான். சோலார் பலகையும் மனதில் இருக்கிறது, ஆனால் கூரையில் புதிதாக ஒரு துளைகூடப் போட மாட்டேன். பலகையின் கால்களை எட்டர்னாபாண்டிலேயே ஒட்ட முடியுமா என்று பார்க்கிறேன், யாராவது செய்திருந்தால் எத்தனை குளிர்காலம் தாங்கியது என்று எழுதுங்கள்.

இந்த வாரம் முன் ஜாக்கியை இறக்கி, மூக்கு தாழ நிறுத்தியிருக்கிறேன். வியாழக்கிழமை மழை என்கிறார்கள். அலமாரிக்குள்ளும் ஒரு கை நீலம் தூவி வைத்தாயிற்று.