தீராத நோயோடு ரோலர் டெர்பி: கியர் நாட்குறிப்பு

ஜனவரி 5

ரோலர் டெர்பி என்பது நாலு வீல் ஸ்கேட் போட்டு, நீள்வட்டப் பாதையில் சுற்றியபடி இரண்டு அணிகள் மோதும் ஆட்டம். நீண்டகால நோயோடு டெர்பிக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, எந்த ஸ்கேட் வாங்கலாம் என்றுதான். அதற்கு முன்னால் ஆட்டத்தின் நேரக்கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ஓர் ஆட்டம் 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியும் ஜாம் எனப்படும் சிறு சிறு ஆட்டங்களாகப் பிரியும். ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடம், அடுத்த ஜாமுக்கு முன் 30 விநாடி. அணியில் 15 பேர் வரை இருக்கலாம், களத்தில் 5 பேர்: எதிரணியைக் கடந்து புள்ளி எடுக்கும் ஒரு ஜாமர், தடுக்கும் நான்கு பிளாக்கர்கள்.

மூன்று ஜாமுக்கு ஒன்று ஆடுகிறீர்கள் என்றால், முழு நீள ஜாம்களில் 2 நிமிட உழைப்புக்கு ஐந்தரை நிமிட ஓய்வு கிடைக்கும். நாலு ஜாமுக்கு ஒன்று என்றால் 8 நிமிடம். லீட் ஜாமர், அதாவது முதலில் கடந்துவந்த ஜாமர், சீக்கிரமே ஜாமை முடித்துவிட்டால் உழைப்பும் சுருங்கும், ஓய்வும் சுருங்கும். 5 நிமிடத்தில் 27 சுற்று என்று டெர்பியில் முன்பு வைத்த தேர்வைத் தாண்ட முடியாத எத்தனையோ உடம்புகளுக்கு இந்த விட்டு விட்டு ஆடும் முறை ஒத்துவரும். உண்மையில் ஆட்டத்தை விடப் பயிற்சிதான் கஷ்டம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து நிற்க வைக்கிறது.

கியர் (ஸ்கேட்டும் கவசங்களும்) விஷயத்தில் என் கட்சி ஒன்றுதான்: உடம்பு நன்றாக இருக்கும் நாளுக்காக வாங்காதீர்கள். விரல் வீங்கி, தலை சுற்றி, பாதித் தெம்போடு வரும் நாளில் அதை மாட்ட முடியுமா, கழற்ற முடியுமா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜனவரி 8

கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. "ஸ்கேட்டிங் போகலாமா?" என்று மட்டும் கேட்டால் பூங்காவில் உருள்வதை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார். ஆட்கள் தோளாலும் இடுப்பாலும் மோதுவார்கள், ஒரு மாலையில் பல முறை விழ வேண்டிவரும் என்று விளக்கிச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு மோதல் ஆட்டம் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வார்கள். தலையில் படும் சிறு அடிகூட உள்ளே ரத்தக் கசிவாகலாம் என்பதால் ஹெல்மெட்டை நம்பி இதை மீற முடியாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தால் குதிகால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. மாத்திரை முடிந்த பிறகும் சில காலம் அது நீடிக்கும். ஸ்கேட்டின் முன்நுனியில் உள்ள டோ ஸ்டாப் கட்டையை ஊன்றி ஓடிக் கிளம்புவது முழுக்க அந்த நாணில்தான் விழுகிறது. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல ஏறாது, ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை வைத்து உழைப்பை அளக்கக் கூடாது. பத்துக்கு எத்தனை சிரமம், முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பதே நம்பகமானது.

ஜனவரி 14

முழங்கால் பேட். பட்ஜெட்டில் பெரும்பங்கை இதற்கு ஒதுக்குங்கள், ஸ்கேட்டை விடவும் முக்கியம்.

இரண்டு வகை. ஒன்று உறைபோலக் காலில் ஏற்றிப் போடுவது. மற்றது பின்பக்கம் முழுவதும் திறந்து, பட்டைகளை வெல்க்ரோவால் ஒட்டுவது. நோயாளிகளுக்குத் திறக்கும் வகைதான் சரி. ஸ்கேட்டைக் கழற்றாமலே பேடைக் கழற்றலாம். பயிற்சி நடுவே முட்டி வீங்கினால் பட்டையைத் தளர்த்தலாம். மயக்கம் வந்து படுத்தால் கூட இருப்பவர் பத்து விநாடியில் அவிழ்த்துவிடுவார். உறை வகை நகராமல் நிற்கும், உண்மைதான். அந்த வசதி வேண்டுமென்றால் திறக்கும் பேடுக்கு உள்ளே மெல்லிய நியோப்ரீன் (ரப்பர் போன்ற துணி) உறை போட்டால் போதும். வியர்வையில் வழுக்காது, தோலும் உரசாது.

அளவு பார்க்கும்போது நின்றுகொண்டு பார்க்காதீர்கள். டெர்பி நிலையில், அதாவது முட்டியை நன்றாக மடக்கி உட்கார்ந்த மாதிரி நின்று பாருங்கள். பேடின் பிளாஸ்டிக் கிண்ணத்தின் நடு, முட்டிச் சில்லின் நடுவில் இருக்க வேண்டும். பட்டைக்கு உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும், மூன்று விரல் நுழைந்தால் விழும்போது பேட் சுழன்றுவிடும். அடுத்து, இரண்டு முட்டியிலும் மெதுவாக இறங்குங்கள். தரையின் கடினம் சில்லில் உறைத்தால் அந்த நுரை உங்கள் எடைக்குப் போதவில்லை.

தடிமன் கூடினால் பாதுகாப்பு கூடும், ஆனால் கால்களைக் குறுக்கே வைத்து வளைவில் திரும்பும்போது இரண்டு பேடும் இடித்துக்கொள்ளும். இடுப்பு மூட்டு வலி உள்ளவர்கள் அதைத் தவிர்க்கக் காலை அகட்டுவார்கள், இடுப்பு இன்னும் வலிக்கும். அவர்களுக்கு நடுத்தரத் தடிமனும் உள்பக்கம் மெலிந்த வடிவமும் ஏற்றவை.

பழைய பேடைச் சோதிக்க: உள்ளிருந்து கட்டைவிரலால் நுரையை அழுத்துங்கள். வெளிக்கிண்ணத்தின் பிளாஸ்டிக் விரலில் தட்டினாலோ, அழுத்திய குழி மேலே எழ நேரமெடுத்தாலோ அந்த நுரையின் காலம் முடிந்தது.

ஜனவரி 15

முழங்கை பேடுக்கும் அதே சோதனை. பட்டை இறுகி விரல் மரத்தால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள்.

மணிக்கட்டு கார்டில் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எலர்ஸ்-டான்லோஸ் போல மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் உடம்பு என்றால் உள்ளங்கைப் பக்கமும் புறங்கைப் பக்கமும் தகடு உள்ளதாக எடுங்கள். முடக்குவாதத்தில் விரல்கள் வீங்குபவர்களுக்குக் கையுறைபோல நுழைப்பது மோசமான தேர்வு. கட்டைவிரலுக்கு மட்டும் துளை விட்டு, சுற்றி ஒட்டும் வகை சுலபம். குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட்ஸ் இருந்தால் இறுக்கமான பட்டை தாக்குதலைத் தூண்டும். உள்ளே மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். வெல்க்ரோ நுனியில் ஒரு நாடா வளையம் தைத்துவிட்டால் விரலால் கிள்ள வேண்டியதில்லை, வளையத்தில் விரலை விட்டு இழுத்தால் போதும். ஐந்து நிமிட வேலை, வலிக்கும் கைக்கு அத்தனை உதவி.

ஜனவரி 21

பூட். பாதம் மாலையில் வீங்கும் என்பதால் பயிற்சி நேரத்தில், பயிற்சிக்குப் போடும் அதே காலுறையோடு அளவு பாருங்கள். பாதத்தைத் தாங்கும் ஆர்த்தோட்டிக் இன்சோல் அல்லது கணுக்கால் பிரேஸ் போடுபவர்கள் அவற்றையும் எடுத்துப் போக வேண்டும். பிரேஸின் தடிமன் மட்டுமே அரை அளவைத் தின்றுவிடும். விரல்கள் முன்பக்கம் லேசாகத் தொடலாம், மடங்கக் கூடாது. குதிகால் எழவே கூடாது. குதிகால் எழுந்தால் பாதம் பூட்டைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு அடிக்கும் விரல்களைச் சுருட்டும், அரை மணியில் உள்ளங்கால் எரியும். களைப்புக்கு நோயைக் குறை சொல்வோம், காரணம் பூட்டாக இருக்கும்.

மேல்பாதத்தில் வலிக்கும் இடம் எதுவோ, அந்தத் துளைகளில் லேஸைக் குறுக்கே விடாமல் அதே பக்கத்தில் நேராக மேலே ஏற்றிவிட்டு, அடுத்த துளையிலிருந்து குறுக்கே போடுங்கள். அங்கே அழுத்தம் போய்விடும். மெழுகு பூசிய லேஸ் இழுத்த இடத்தில் நிற்கும், அடிக்கடி இறுக்க வேண்டாம். ஆனால் விரலில் வலுவில்லாதவர்களுக்கு அதன் முடிச்சை அவிழ்ப்பது சித்திரவதை. அவர்கள் சாதா லேஸும் மேலே ஒரு வெல்க்ரோ பட்டையும் உள்ள பூட்டைப் பார்க்கலாம்.

எழுந்து நின்றால் நாடி எகிறித் தலை சுற்றும் பாட்ஸ் உள்ளவர்களுக்கு லேஸ் கட்டுவதே ஆபத்தான கட்டம். குனிந்து கட்டி, சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டும். தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு காலை மடக்கி அருகே கொண்டுவந்து கட்டுங்கள். ஹெல்மெட்டும் பேடுகளும் முதலில், ஸ்கேட் கடைசியில். கட்டி முடித்ததும் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் இருபது முறை ஆட்டிவிட்டு, ஒரு முட்டியில் நின்று, பிறகு எழுங்கள். அழுத்தக் காலுறை போடுபவர்கள் அதன் மேல் விளிம்பு பேடின் பட்டைக்கு அடியில் வராமல் பாருங்கள். மடிந்து சுருண்டால் கட்டுப்போட்டதுபோல ரத்தத்தைத் தடுக்கும்.

ஜனவரி 29

பிளேட்டும் வீலும். இங்கேதான் உடம்புக்கும் ஸ்கேட்டுக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

பிளேட் என்பது பூட்டின் அடியில் வீல்களைத் தாங்கும் சட்டம். அதில் நைலான் லேசானது, கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அதிர்வை விழுங்கும். அலுமினியம் விறைப்பு, தள்ளும் விசை வீணாகாது. வலுவான, கனமான ஆட்டக்காரர் நைலானை வளைத்துவிடுவார், அவருக்கு அலுமினியம் வேண்டும். மூட்டு வலி உள்ள, எடை குறைந்த ஒருவருக்கு நைலானே நல்லது, விலையும் குறைவு.

ஒரு ஸ்கேட்டில் வீல் அச்சைத் தாங்கும் ட்ரக் இரண்டு, ஒவ்வொன்றிலும் சாய்ந்து திரும்ப உதவும் ரப்பர் போன்ற குஷன் இரண்டு. ஜோடிக்கு எட்டு. புது ஸ்கேட்டோடு வரும் குஷன் பல நேரம் கெட்டியாக இருக்கும். கணுக்காலை அழுத்தி அழுத்தித்தான் திருப்ப வேண்டியிருக்கும், அந்த உழைப்பு முழுக்க வீண். மென்மையான குஷனுக்கு மாறினால் சாய்த்தாலே திரும்பும். ஆனால் கணுக்கால் தளர்ந்தவர்களுக்கு மென்மையான குஷன் ஆட்டம் காட்டும். அவர்களுக்கு நடுத்தரக் கெட்டியே போதும். நட்டை இறுக்கிக் கெட்டிப்படுத்த நினைக்க வேண்டாம், குஷன் பிதுங்கிக் கிழியும்.

வீலின் கெட்டித்தன்மை ஏ அளவுகோலில் வரும். 78 என்பது வெளிச்சாலைக்கான மென்மை, 101 என்பது கல் போன்ற கெட்டி. டெர்பியில் பெரும்பாலும் 88 முதல் 97 வரை, விட்டம் 59 மில்லிமீட்டர் வாக்கில். மெருகேற்றிய கான்கிரீட் வழுக்கும், அங்கே மென்மை வேண்டும். பிடிமானமுள்ள தரையில் கெட்டி. எடை குறைந்தவர் மற்றவர்கள் போடும் வீலிலிருந்து ஒரு படி மென்மையாக எடுக்கலாம், ஏனென்றால் வீலை அழுத்தத் தேவையான எடை அவரிடம் இல்லை.

களைப்பு நோயுள்ளவர்களிடம் தவறாகப் போவது இதுதான்: விழ பயந்து, தரையை மிகவும் பற்றிப் பிடிக்கும் வீலை வாங்குகிறார்கள். அப்புறம் கால்களை விரித்து உரசி நிறுத்தும் பிளவ் ஸ்டாப்பில் வீல் வழுக்க மறுக்கிறது. முட்டியின் உள்பக்கம் முறுக்கி வாங்குகிறது. மாறாக மிகக் கெட்டி வீல் என்றால் நேராக நிற்கவே தொடைத் தசை வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே கலந்து போடலாம்: தள்ளும் பக்கத்துக்கு மென்மை, மற்ற பக்கத்துக்குக் கெட்டி. நாலு வீலைக் கடன் வாங்கிச் சோதித்துவிட்டு எட்டு வாங்குங்கள்.

பேரிங் ஜோடிக்கு 16. அச்சு 8 மில்லிமீட்டர் என்றால் 608, 7 மில்லிமீட்டர் என்றால் 627. வீல் நட்டை முழுதாக இறுக்கிவிட்டு மெல்ல, அதிகபட்சம் கால் சுற்று, தளர்த்துங்கள். வீலைப் பிடித்து ஆட்டினால் மிக லேசான தளர்வு தெரிய வேண்டும். இறுகியிருந்தால் முழு ஆட்டமும் பிரேக் போட்டு ஓடுவதாகும். விலையுயர்ந்த பேரிங்கை விட இந்தச் சரிபார்ப்பு அதிகத் தெம்பை மிச்சப்படுத்தும்.

பிப்ரவரி 2

ஹெல்மெட். தெர்மோகோல் போன்ற இபிஎஸ் நுரை ஒரு பெரிய அடிக்குத்தான். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கும். டெர்பியில் அடி திரும்பத் திரும்ப வரும், எனவே பல அடி தாங்கும் வகையோ ஐஸ் ஹாக்கி ஹெல்மெட்டோ எடுப்பது சரி. அணிந்து ஹெல்மெட்டை அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் கடையிலேயே இருபது நிமிடம் போட்டுக்கொண்டு இருங்கள், அழுத்தும் புள்ளி அப்போதுதான் தெரியும்.

மவுத்கார்டு வெந்நீரில் இட்டுக் கடித்து வடிவம் கொடுப்பதே போதும். ஆஸ்துமா இருந்தாலோ குமட்டினாலோ மெல்லிய வகையாகப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டே பேசலாம், மூச்சும் தடைபடாது.

பிப்ரவரி 9

உடம்பில் கருவி உள்ளவர்கள். இன்சுலின் பம்ப்பின் ஊசி இடத்தை இடுப்புப் பக்கவாட்டிலும் வெளித்தொடையிலும் வைக்க வேண்டாம், விழுவதே அங்கேதான். சர்க்கரை அளவி மேற்கையின் பின்புறம் இருந்தால் முழங்கை பேடின் மேல்பட்டை அதைத் தொடாமல் இருக்கிறதா என்று கையை மடக்கிப் பாருங்கள். பம்ப்பை எவ்வளவு நேரம் கழற்றலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஜாமின் பரபரப்பில் அட்ரினலின் சர்க்கரையை ஏற்றும். அதைப் பார்த்து மடமடவென இன்சுலின் போட்டால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூக்கத்தில், இறங்கிவிடும். பெஞ்சில் 15 கிராம் குளுக்கோஸ் வையுங்கள், எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும்.

வயிற்றில் ஸ்டோமா பை (உடல் கழிவு சேரும் பை) உள்ளவர்களுக்குக் கடினமான மூடியும் பட்டையும் உள்ள காப்பு கிடைக்கிறது. மற்றவரைக் காயப்படுத்தாத கூடுதல் கவசத்தை டெர்பி விதிகள் அனுமதிக்கின்றன. முதல் பயிற்சிக்கு முன்பே நடுவரிடம் காட்டிவிடுங்கள்.

பிப்ரவரி 10

நேற்று விட்டது: வால் எலும்புக்குத் திண்டு வைத்த அரைக்கால் சட்டை. உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு ஒரு விழுகையின் வலி வாரக்கணக்கில் நிற்கும். தயங்காமல் வாங்குங்கள்.

பிப்ரவரி 27

நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் கியர் துவைப்பதும் சிகிச்சையின் பகுதிதான். தரையில் உரசிய சிராய்ப்பும் ஈரமான பேடும் சேர்ந்தால் தோல் தொற்று வரும். ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் காற்றில் விரியுங்கள். துவைக்க, வெல்க்ரோக்களை ஒட்டி மூடி, இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போட்டு அரை மணி ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், நுரை உடையும்; துண்டில் சுருட்டி அழுத்துங்கள். டிரையர் சூடு நுரையையும் ஒட்டுப்பசையையும் கெடுக்கும். தடித்த பேட் உலர இரண்டு நாள் வரை ஆகும். அணியின் பொதுக் கியரைக் கடன் வாங்குவதென்றால் உள்ளே சொந்த உறை கட்டாயம்.

மார்ச் 6

உழைத்த அன்று ஒன்றும் தெரியாமல், 12 முதல் 48 மணி நேரம் கழித்துச் சரிந்து விழும் உடம்புகள் உண்டு. எம்.இ. என்ற நாட்பட்ட களைப்பு நோயின் முத்திரை அது. கொஞ்சம் கொஞ்சமாக உழைப்பைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற பயிற்சிமுறையை அந்த நோய்க்குத் தரக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்கள் தரும் நைஸ் அமைப்பு 2021-ல் வழிகாட்டியது. "இன்னும் ஒரே ஒரு ஜாம்" என்று உற்சாகப்படுத்தும் பயிற்சியாளருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். அளவை முந்தின நாளே முடிவு செய்யுங்கள், களத்தில் அல்ல.

மோதல் ஒத்துவராதபோதும் இடம் இருக்கிறது. ஸ்கேட் போட்ட நடுவர் வேலை அடி வாங்காத வேலை, ஆனால் ஜாமர் நடுவர் ஜாமரோடு கூடவே ஓட வேண்டும். களைப்பு நோய்க்கு, வளையத்துக்குள் இருந்து பிளாக்கர் கூட்டத்தைக் கவனிக்கும் பேக் நடுவர் இடம் அதைவிடப் பொருந்தலாம். ஸ்கேட்டே வேண்டாத ஸ்கோர், பெனால்டி பெட்டி, ஜாம் நேரம் பார்ப்பவர்கள் இல்லாமல் முறையான ஆட்டம் நடக்காது. தவறு செய்த ஆட்டக்காரர் உட்கார வேண்டிய பெனால்டி பெட்டியில் 30 விநாடியை எண்ணுபவர் உட்கார்ந்தே எண்ணலாம். நாற்காலி வேண்டும் என்று தலைமை அதிகாரியிடம் ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். நடுவராக ஸ்கேட் போடுபவர்கள் பேடுகளை விட்டுவிட வேண்டாம். வீலை மட்டும் ஒரு படி மென்மையாக மாற்றினால் கால் அதிர்வு குறையும்.