தூக்கக் கணக்கு நோட்டு: ஆனியிலிருந்து ஆடி வரை

ஜூன் 17

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளைகளைப் பற்றிய புகாரும் இனி வரத் தொடங்கும். பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்து விழும் நோயான நார்கோலெப்ஸி பெரும்பாலும் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வயதில்தான் தலைகாட்டுகிறது. அதே சமயத்தில் உடம்பு சட்டென்று பெருப்பதும் உண்டு. "நல்லாத் தின்னுட்டுத் தூங்குதான்" என்று வீட்டில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியால் வருஷக்கணக்கில் நாள் போகிறது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம். அங்கே ஒரெக்ஸின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. விழித்திருக்கும் நிலையை ஆடாமல் பிடித்து வைப்பது அவற்றின் வேலை. முதல் வகை நார்கோலெப்ஸியில் அவை பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. 1880இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ பெயர் வைத்த நோய் இது. ஒரெக்ஸினைக் கண்டுபிடித்ததே 1998இல்தான். அழிந்த அணுக்கள் திரும்ப முளைப்பதில்லை. ஆகவே சத்து டானிக், காலையில் முகத்தில் தண்ணீர் தெளிப்பது, 'மூதேவி' என்று திட்டுவது, மூன்றுக்கும் பலன் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் ஒரு நாளில் தூங்கும் மொத்த நேரம் மற்றவர்களைவிட அப்படியொன்றும் அதிகமில்லை. ராத்திரி படுத்ததும் தூங்கிவிடுவார்கள், பிறகு நாலைந்து தடவை விழிப்பார்கள். பகலில் அது துண்டு துண்டாக வசூலாகிறது.

ஜூன் 19

பகல் தூக்கத்தை அளக்கும் கேள்வித்தாள் ஒன்று உண்டு: எப்வொர்த் அளவுகோல், 1991இல் வந்தது. எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 24. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா இருக்கும்போது என்று எட்டுச் சூழ்நிலைகள். 10க்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய தூக்கம்.

கேட்பது 'களைப்பாக இருக்கிறதா' என்று அல்ல, 'கண்ணயர்ந்து விடுவீர்களா' என்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மதிப்பெண் போடுகிறவர்கள் நிறைய. கூடவே இருக்கும் ஒருவரிடமும் அதே தாளைக் கொடுத்துத் தனியாகப் போடச் சொல்வது நல்லது. சம்பந்தப்பட்டவர் 9 போட்ட இடத்தில் வீட்டம்மா 17 போடுவது சாதாரணம். எண் எவ்வளவு வந்தாலும் அது தூக்கத்தின் அளவுதான். என்ன நோய் என்று அது சொல்லாது.

ஜூன் 22

டாக்டரிடம் போகும் முன் இரண்டு வாரக் கணக்கு எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி, வரியில் 24 கட்டம், மதியம் 12இல் தொடங்கி மறுநாள் மதியம் 12 வரை. நள்ளிரவில் தொடங்கினால் ஒரு ராத்திரித் தூக்கம் இரண்டு வரியாக உடைந்து படிக்கவே வராது. தூங்கிய நேரத்தைப் பென்சிலால் அடைக்கவும். காப்பி, டீக்கு 'கா', மாத்திரைக்கு 'மா', சிரித்ததும் முழங்கால் துவண்டால் (இந்த நோயின் இன்னோர் அறிகுறி) 'து'.

எழுந்ததும் எழுத வேண்டும். ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து யோசித்து எழுதினால் மதியத்தில் போன பத்து நிமிஷங்கள் எல்லாம் விட்டுப்போகும். அந்தப் பத்து நிமிஷங்கள்தான் டாக்டருக்கு வேண்டும்.

ஜூன் 24

சாரல் காற்று தொடங்கிவிட்டது, தும்மலும்தான். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையில் குளோர்ஃபெனிரமைன் இருந்தால் நல்ல ஆளுக்கே கண்ணைக் கட்டும். செட்டிரிசினும் சிலருக்கு அப்படித்தான். நோட்டில் அதையும் குறிக்கவும்.

இதோடு, நார்கோலெப்ஸி என்று முடிவுகட்டும் முன் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியவை: ரத்தசோகை, தைராய்டு குறைவு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது. எல்லாவற்றுக்கும் முன்னால், வெறும் தூக்கப் பற்றாக்குறை. நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, வீட்டு வேலை முடித்து, பதினொன்றரை வரை பீடி சுற்றுகிற பெண்ணுக்குப் பகலில் தூக்கம் வராவிட்டால்தான் ஆச்சரியம். அவருக்குச் சோதனை எழுதும் முன் தூங்க நேரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டார் அதைத் தருவார்களா என்பது வேறு சங்கதி.

ஜூன் 28

இன்று சோதனையைப் பற்றி மட்டும். செலவு அதிகம், கெட்டுப்போக வழியும் அதிகம்.

இரண்டு பகுதி. ராத்திரி முழுக்கத் தூக்கப் பதிவு (பாலிசோம்னோகிராஃபி), மறுநாள் பகலில் எவ்வளவு சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று அளக்கும் எம்எஸ்எல்டி. ராத்திரிப் பதிவு மட்டும் எடுத்து அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. குறட்டைக்காரருக்கு அது போதும், இந்த நோய்க்குப் போதாது. மறுநாள் பகல் சோதனையும் அங்கேயே உண்டா என்று போனிலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்பவும். சென்னையில் சோதனை என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரிப் பயணம் செய்து இறங்கிய அன்றே படுக்கக் கூடாது. ரயிலில் கெட்ட தூக்கம் முடிவில் வந்து நிற்கும். குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கித் தூங்கி எழ வேண்டும்.

தலையில் எண்ணெய் கூடாது. நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட்டால் தேங்காய் எண்ணெய் பளபளக்கத்தான் வந்து நிற்பார்கள். மண்டையில் ஒட்டும் மின்முனை எண்ணெயில் வழுக்கும், நடுராத்திரியில் கழன்று விழும், பதிவில் அந்த இடம் வெறும் கிறுக்கலாக இருக்கும். அன்று ஷாம்பு போட்டுத் தலை குளித்து, நன்றாகக் காயவைத்து, பூ வைக்காமல் போகவும். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் மாட்டி இருக்கும், நகப்பூச்சை அழித்துவிடவும். மண்டை, கண்ணோரம், தாடை, கால் என்று ஒயர்கள். மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை. ஒட்டும் பசை மறுநாள் வெந்நீரில் போய்விடும்.

ராத்திரி குறைந்தது 6 மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். விழித்து ஒன்றரை முதல் மூன்று மணி நேரத்துக்குள் பகல் சோதனையின் முதல் சுற்று. பிறகு இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு அல்லது ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கணைத்து 20 நிமிஷம் விடுவார்கள். தூக்கம் வராவிட்டால் அதோடு முடிந்தது. வந்துவிட்டால் அங்கிருந்து 15 நிமிஷம் பார்ப்பார்கள், கனவுத் தூக்கம் வருகிறதா என்று. சராசரியாக 8 நிமிஷத்துக்குள் தூங்கி, இரண்டு தடவையாவது கனவுத் தூக்கம் சீக்கிரமே வந்துவிட்டால் நார்கோலெப்ஸி பக்கம் முள் சாய்கிறது. முந்தின ராத்திரி தூங்கிய 15 நிமிஷத்துக்குள் கனவுத் தூக்கம் வந்திருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் தூங்கவே கூடாது. துணைக்கு வருபவரின் வேலை அதுதான். "பாவம், கொஞ்சம் படுத்துக்கட்டும்" என்று விட்டுவிடுகிற அம்மாவைக் கூட்டிப்போகாமல், வாய் ஓயாத சித்தப்பாவைக் கூட்டிப்போகலாம். அன்று காப்பி, டீ இல்லை. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அரை மணி முன்பே நிறுத்தவும். கால் மணி முன்பு செல்போனையும் வாங்கி வைத்துவிடவும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சொல்லாமல் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அவற்றில் பெரும்பாலானவை கனவுத் தூக்கத்தை அமுக்கிவிடும், நோய் இருந்தும் சோதனை 'இல்லை' என்று சொல்லும். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஃப்ளூயாக்ஸடின் என்றால் இன்னும் முன்பே. எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும், படிப்படியாக.

ஜூலை 2

சோதனைக்குத் தூக்கம் குறைந்து போனவருக்கு முடிவில் இல்லாத நோய் வரும், மாத்திரையோடு போனவருக்கு இருக்கிற நோய் மறையும். இரண்டு வார நோட்டைச் சோதனைக்கும் கையில் கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

ஜூலை 5

மொடாஃபினில், பகலில் விழித்திருக்கத் தரும் மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. பரீட்சைக்கு ராத்திரி கண் விழிக்க இதைத் தேடும் பையன்களுக்கும் இதே வரிதான்.

வழக்கமாகக் காலையில் 100 அல்லது 200 மில்லிகிராம். 2 முதல் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும், பாதியாகக் குறைய 12 முதல் 15 மணி நேரம். ஏழு மணிக்குப் போட்டதே படுக்கும் வரை நிற்கும் என்பதால், இரண்டாவது வேளை இருந்தால் மதியம் ஒரு மணியைத் தாண்ட வேண்டாம். வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் உச்சம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளும். 'இன்னைக்கு மாத்திரை வேலை செய்யல' என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

தலைவலி முதல் வாரங்களில் வரும். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரை போடாமல் உடனே ஆஸ்பத்திரி. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இது அதன் பலனைக் குறைக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை. சங்கடப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். சொல்லியே ஆக வேண்டும்.

ஜூலை 9

மாத்திரை பாதி, குட்டித்தூக்கம் பாதி. 15 முதல் 20 நிமிஷம், அலாரம் வைத்து, நாளுக்கு இரண்டு தடவை, தூக்கம் வந்து அடிக்கும் முன்பே. நோட்டில் தினமும் மூன்று மணிக்குக் கட்டம் கறுத்திருந்தால் இரண்டரைக்கே படுத்துவிட வேண்டும். வந்த பிறகு மல்லுக்கட்டினால் ஒரு மணி நேரம் போகும், எழுந்தாலும் தலை தெளியாது. கடையில் நிற்பவர் சரக்கறையில் ஒரு பத்தமடைப் பாயை விரித்துக்கொள்ள முதலாளியிடம் கேட்டு வாங்கும் அனுமதி, இன்னொரு மாத்திரைக்குச் சமம்.

குட்டித்தூக்கம் போட்டும் கொஞ்சமும் தெளியவில்லை, காலையில் எழுப்பினால் அரை மணி நேரம் தள்ளாட்டம், ஒரு நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் என்றால் அது இடியோபதிக் ஹைப்பர்சோம்னியாவாக (காரணம் தெரியாத மிகைத் தூக்க நோய்) இருக்கலாம். அவர்களுக்கு இந்த யோசனை அவ்வளவாக உதவாது.

மதியம் சோறு பாதியாகட்டும். சொதி வைத்த நாளில் இது நடக்காது என்று தெரியும். அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு வண்டி எடுக்காமல் இருந்தால் சரி.

ஜூலை 13

சிரித்ததும் முழங்கால் மடங்குவது, தாடை தொங்குவது, தலை கவிழ்வது: கேட்டப்ளெக்ஸி. சில விநாடி, மிஞ்சினால் இரண்டு நிமிஷம். நினைவு தப்பாது, சுற்றிப் பேசுவதெல்லாம் காதில் விழும். வெட்டி இழுக்காது, நாக்கைக் கடிக்காது. பார்க்கிறவர்கள் வலிப்பு என்று முடிவுகட்டி, சாவிக்கொத்தைக் கையில் திணித்து விரலை மடக்கி இறுக்குவார்கள். வலிப்புக்கே அது உதவாது. வாயில் தண்ணீர் ஊற்றுவது அதைவிட ஆபத்து, விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலை இடிபடாமல் பார்த்து, சும்மா இருக்கவும்.

இதற்கு வென்லாஃபாக்ஸின் போல ஒன்றைத் தருவார்கள். தீர்ந்துபோச்சு என்று திடீரென நிறுத்தினால் துவளல் முன்னைவிடப் பல மடங்காகத் திரும்பும். பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கவும்.

ஜூலை 16

முக்கூடல், கடையம் பக்கம் பீடி சுற்றுகிறவர்களுக்கு: கண் திறந்திருக்க, கை ஓடிக்கொண்டிருக்க, மூளை மட்டும் தூங்கிப்போகும். மடியில் சொளகு இருக்கும், இலையை எடுத்து, தூள் வைக்காமலே சுருட்டி, நூலும் கட்டிப் போட்டிருப்பார்கள். கட்டு எண்ணும்போதுதான் வெறும் பீடிகள் தெரியும். மாணவருக்கு இதே சங்கதி நோட்டில் கோட்டை விட்டுச் சரிந்து புழுவாக நெளியும் எழுத்து. இலை வெட்டும் கத்திரி வேலையைக் குட்டித்தூக்கம் முடிந்த அரை மணிக்குள் வைத்துக்கொள்ளவும்.

அரிவாள்மனையை வீட்டில் எடுத்து உள்ளே வைத்துவிடவும். நிமிர்ந்து நிற்கும் அலகுக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்து தலை ஆடுவதை நினைத்தாலே போதும். பலகையும் சின்னக் கத்தியும் மெதுவாகத்தான் வெட்டும், வெட்டட்டும்.

ஜூலை 19

ஆடி பிறந்தாயிற்று, கோயில் கொடைத் திருவிழாக்கள் வரிசையாக வரும். நடுராத்திரிச் சாமக்கொடை பார்க்காமல் இருக்க முடியாது என்பவர்கள் சாயந்திரம் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போகவும். மறுநாள் காலை வழக்கமான நேரத்திலேயே எழுந்து, பகலில் ஒரு குட்டித்தூக்கம் கூட்டிக்கொள்ளவும். மத்தியானம் வரை படுத்தால் மூன்று நாள் கணக்குக் கலையும்.

கொடை முடிந்த ராத்திரிகளில் 'அமுக்குவான்' கூடுதலாக வரும். விழிப்பு வந்தும் உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த கனம், மூலையில் ஓர் உருவம். கனவுத் தூக்கத்தின் தசைத் தளர்வு விழித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இது. தூக்கம் கெட்டால் கூடும், மல்லாந்து படுத்தாலும் கூடும். கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பார்க்கலாம், பக்கத்தில் படுத்திருப்பவர் தொட்டாலும் விட்டுவிடும். திருநீறு போடுவதை யாரும் தடுக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவும் சொல்லுங்கள்.

ஜூலை 22

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஆற்றில் முழங்காலளவுக்கு மேல் இறங்கக் கூடாது, தனியாக இறங்கவே கூடாது. தண்ணீரில் நாலு பேர் சேர்ந்தால் சிரிப்பு வரும், துவளல் வருவதும் அப்போதுதான். செம்பில் மொண்டு ஊற்றினாலும் தலை முழுகின கணக்குத்தான்.

ஜூலை 27

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதைக் குட்டித்தூக்கமாக நினைக்க வேண்டாம், நீளம் கூடிவிடும். சேரன்மாதேவி வரும்போது அடிக்கிற மாதிரி அலாரம் வைத்து, போனைச் சட்டைப்பையில் அதிர்வில் வைக்கவும். சீட்டு வாங்கும்போதே "அண்ணாச்சி, ஜங்ஷன்ல கொஞ்சம் எழுப்பி விடுங்க" என்று சொல்லிவைத்தால் பெரும்பாலான கண்டக்டர்கள் எழுப்பிவிடுவார்கள். நின்றுகொண்டு வந்தால் தூக்கம் வராது என்ற நம்பிக்கை வேண்டாம், கம்பியைப் பிடித்தபடியே போய்விடும்.

பைக் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மாத்திரை ஒத்துக்கொண்டு, டாக்டரும் சரி என்று சொல்லும் வரை சாவி வீட்டில். அதன் பிறகும் நாலுவழிச்சாலையில் கயத்தாறு வரை நேர்கோடாகப் போகும் அந்த ஓட்டம்தான் ஊருக்குள் நெரிசலைவிட ஆபத்து, கண்ணுக்கு வேலையே இருக்காது. கிளம்பும் முன் 20 நிமிஷத் தூக்கம், அரை மணிக்குள் முடியும் தூரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இல்லை. கார் என்றால் ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது இவை எதுவும் தூக்கத்தை நிறுத்தாது. ஒரே வரியை இரண்டு தடவை பாடியது போலத் தோன்றினாலோ கடந்து வந்த ஊர் ஞாபகம் இல்லாவிட்டாலோ அங்கேயே ஓரங்கட்டவும்.

உரிமம் எடுக்கும்போது தரும் உடல்நல உறுதிமொழியில் திடீரென்று நினைவு தப்புவது, தலைச்சுற்று பற்றிக் கேள்வி வரும். அதற்கு என்ன எழுதுவது என்பதை டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்வதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளவும்.