இத்தாலியப் பிரதியில் கார்லாஃபின் குரல்: ‘வுர்தலாக்’ வேலை எதுவரை வந்திருக்கிறது

கார்லாஃப் பேசிவிட்டார். இத்தாலியத் திகில்பட இயக்குநர் மரியோ பாவாவின், மூன்று கதைகள் கொண்ட ‘பிளாக் சபாத்’ படத்துடைய இத்தாலியப் பிரதி திரையில் ஓடுகிறது, பின்னால் ராபெர்த்தோ நிகொலோசியின் இசை வருகிறது, பழைய திகில்பட நடிகர் போரிஸ் கார்லாஃப் தன் சொந்தக் குரலில் ஆங்கிலம் பேசுகிறார். எந்த நிறுவனமும் இப்படி ஒரு டிஸ்க் போட்டு நான் பார்த்ததில்லை. அடுப்பங்கரைக் காட்சி மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி அதிலுள்ள ‘வுர்தலாக்’ (தான் நேசிப்பவர்களின் ரத்தத்தையே குடிக்கும் பிணம்) கதையை உட்கார்ந்து பார்க்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். நேற்று ராத்திரி ஹெட்போனில் கேட்டபோது, பெருமையாகச் சொல்கிறேன், ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை.

பாவாவைத் தேடிப் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தப் படத்தின் சிக்கல் தெரிந்திருக்கும். 1963இல் இத்தாலியில் வந்த பிரதி ஒன்று. மறு வருஷம் அமெரிக்காவில் ஏஐபி (அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ்) வெளியிட்ட பிரதி இன்னொன்று. டிரைவ்-இன் தியேட்டருக்கு வரும் பதின்வயதுப் பிள்ளைகளை நம்பிப் பிழைத்த கம்பெனி ஏஐபி. கைக்கு வந்த படத்தை அவர்கள் சும்மா விட்டதில்லை. மூன்று கதைகளின் வரிசையை மாற்றினார்கள். ‘டெலிபோன்’ கதையில் சிறையிலிருந்து தப்பிவந்த பழைய காதலனைச் செத்துப்போன பேயாக்கினார்கள். இரண்டு பெண்களுக்கும் நடுவே இருந்த பழைய உறவைத் துடைத்து எடுத்தார்கள். ‘வுர்தலாக்’கில் ரத்தத்தைக் குறைத்தார்கள். நிகொலோசியின் இசையைத் தூக்கிவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையை வைத்தார்கள். பாக்ஸ்டர் மட்டமான ஆளில்லை. ஆனால் பாவா அமைதியாக விட்டுவைத்த இடத்திலெல்லாம் தாரை தப்பட்டை முழங்குகிறது.

ஆக, இத்தாலியப் பிரதிதான் படம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் கார்லாஃபுக்கு வேறு யாரோ இத்தாலியில் டப்பிங் பேசியிருக்கிறார்கள். அவருடைய சொந்தக் குரல் ஏஐபி பிரதியில் மட்டும்தான் இருக்கிறது. நல்ல படம் வேண்டுமென்றால் குரலை விட வேண்டும், குரல் வேண்டுமென்றால் வெட்டுப்பட்ட படத்தைப் பார்க்க வேண்டும். எழுபத்தைந்து வயதில், சளைக்காமல், அந்தக் கிழவன் கோர்க்காவாக வந்து நிற்கிற மனிதரின் குரல் அது. வீட்டுக்குத் திரும்பிய கோர்க்கா, பேரனைத் தூக்கிக் கொஞ்ச எனக்கு உரிமை இல்லையா என்று மருமகளிடம் கேட்கும் இடத்தை ஆங்கிலத்தில் கேட்டவர்களுக்குத் தெரியும். அதில் பாசமும் இருக்கிறது, பசியும் இருக்கிறது. இத்தாலிய டப்பிங் கலைஞர் திறமையாகத்தான் பேசியிருக்கிறார், ஆனால் எனக்கு அந்த நடுக்கம் அதில் கிடைக்கவில்லை.

2013இல் பிரிட்டனின் ஆரோ வீடியோ இரண்டு பிரதிகளையும் சேர்த்து ப்ளூ-ரேயில் கொண்டுவந்தது. என் வேலைக்கு மூலம் அதுதான். பழைய கையிருப்பில் ஒருவரிடம் வாங்கினேன். பெட்டி நசுங்கி வந்தது. உள்ளே காற்றுப்பை வைக்கச் சொல்லி எழுதியும், மெல்லிய காகித உறைக்குள் போட்டு அனுப்பியிருந்தார் விற்றவர். டிஸ்க்கில் கீறல் இல்லை, ஆனால் அட்டை ஓவியத்தின் ஒரு மூலை போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து பழைய டிஸ்க் வாங்குபவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் எப்படிப் பொதிவார்கள் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று: ப்ளூ-ரே டிஸ்க்குகளை உலகின் எந்தப் பகுதியில் ஓடலாம் என்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் டிஸ்க் ‘பி’ மண்டலம், நாம் ‘சி’ மண்டலம். இங்கே கடையில் வாங்கிய பிளேயர் அதைத் தொடாது. கம்ப்யூட்டர் டிரைவில் அந்தத் தொல்லை இல்லை. மண்டலத்தைப் பார்ப்பது பிளேயரும் அதன் மென்பொருளும்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

இரண்டு பிரதியும் ஒரே டிஸ்க்கில் ஒரே வேகத்தில் இருப்பதால் படத்தை நான்கு சதவீதம் வேகமாக ஓட்டும் ஐரோப்பிய ‘பால்’ (PAL) டிவிடியின் கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளி); படம் நொடிக்கு 23.976 பிரேம். அப்படியானால் ஒரு பிரேமுக்குச் சரியாக 2002 சாம்பிள். இந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஏஐபி வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பிரேம் போயிருக்கிறது என்று எண்ணி, 2002ஆல் பெருக்கி, ஆங்கில ட்ராக்கை அங்கே வெட்டித் தள்ளிவைத்தால் உதடு உட்கார்ந்துவிடுகிறது. ஒரு பிரேம் தவறினால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு தவறினாலே எனக்கு உறுத்துகிறது. கதவு அடைவது, கோப்பையை மேஜையில் வைப்பது மாதிரி ‘டக்’ என்று ஒலி வரும் இடங்களை அடையாளமாக வைத்துக்கொண்டேன். அவை அலைவடிவத்தில் ஊசியாகத் தெரியும்.

இது உழைப்பு மட்டும்தான், சிரமம் இல்லை. சிரமமெல்லாம் பாக்ஸ்டர்தான். ஆங்கில ட்ராக் மோனோ, எல்லாம் ஒரே தடத்தில். வசனமும் இசையும் காற்றும் ஒரே கலவையாகத்தான் கிடைக்கிறது. ஆங்கில வசனம் வேண்டுமென்றால் பாக்ஸ்டரும் கூடவே வருவார். வெட்டிய காட்சிகள் திரும்பச் சேரும் இடத்தில் அவர் இசை பாதியில் அறுந்து நிகொலோசிக்குத் தாவும். முதலில் கேட்டபோது இரண்டு ரேடியோ ஸ்டேஷன் நடுவே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதனால் குரலையும் இசையையும் பிரிக்கும் மென்பொருள் பக்கம் போனேன். பாட்டிலிருந்து குரலைப் பிரித்து கரோக்கி செய்பவர்கள் பயன்படுத்துகிறார்களே, அதே டெமுக்ஸ்தான். ஆங்கில ட்ராக்கிலிருந்து குரலை மட்டும் எடுத்தேன். இத்தாலிய ட்ராக்கில் குரலை நீக்கிவிட்டு நிகொலோசியையும் காற்றையும் மட்டும் எடுத்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.

இங்கேதான் எனக்கு ஒரு பெரிய உதவி கிடைத்தது. எந்தப் பிரிப்பும் முழுமையாக இருக்காது. இத்தாலிய வசனத்தின் நிழல் பின்னணியில் கொஞ்சம் தங்கும், நீருக்கடியில் பேசுவதுபோல முணுமுணுவென்று. ஆனால் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே உதட்டசைவுக்குத்தானே டப்பிங் பேசினார்கள்? அதனால் கார்லாஃப் பேசும் அதே நேரத்தில்தான் அந்த நிழலும் பேசுகிறது, அவர் குரலுக்கு அடியில் அது மறைந்துவிடுகிறது. வசனத்தின் நீளம் வேறுபடும் இடங்களில்தான் முணுமுணுப்பு தலைகாட்டும். அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, அதே காட்சியில் பேச்சில்லாத வேறு நொடியிலிருந்து காற்றை எடுத்து மேலே மூடினேன். இதைச் செய்து முடித்தபோது இந்த யோசனையை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஆனால் காற்று! பாவாவின் வுர்தலாக் கதை முழுக்கக் காற்றுதான். இடிந்த மடாலயம், மலைவீடு, நீலமும் ஊதாவும் விழும் முற்றம், எங்கு பார்த்தாலும் ஊளையிடும் காற்று. நாய் ஊளையிடும் சத்தம் வேறு. கார்லாஃபுக்கு ‘ஸ’ உச்சரிப்பு கொஞ்சம் நாக்கில் இடறும். அவர் குரலின் அடையாளமே அதுதான். அந்த மெல்லிய ‘ஸ’வும் காற்றின் இரைச்சலும் அதிர்வெண்ணில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. காற்றை எடுக்கும்போது அவர் ‘ஸ’வையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. மிச்சம் நிற்பது கார்லாஃப் இல்லை, பல் கட்டிய யாரோ ஒரு கிழவர். எதற்காக இந்த வேலையை ஆரம்பித்தேனோ அதுவே கையைவிட்டுப் போகிறது.

இதற்கு நான் கண்ட வழி, முடிந்தவரை பிரிக்காமல் இருப்பது. பாக்ஸ்டர் இசை அடங்கியிருக்கும் இடங்களைப் பட்டியல் போட்டேன். அங்கே ஆங்கில ட்ராக்கை அப்படியே, தொடாமல் வைத்தேன். அதிலிருக்கும் காற்றையும் இத்தாலிய ட்ராக்கின் காற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, சேரும் இடத்தில் மெதுவாக ஒன்றுக்குள் ஒன்றைக் கரைத்தேன். பாக்ஸ்டர் முழங்கும் இடங்களில் மட்டும் பிரித்த குரல். அதிலும் ‘ஸ’ வரும் துண்டுகளுக்கு மட்டும் மூல ட்ராக்கிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைத் திரும்ப ஊற்றினேன். அந்த உயரத்தில் பாக்ஸ்டரின் இசை அதிகம் இல்லை, அது சின்னத் துண்டு வேறு, காதில் ஏறுவதில்லை. கோர்க்கா வீட்டு வாசலில் வந்து நின்று பேசும் காட்சி முழுக்க இப்படிச் செய்ததுதான். ‘ஸ’வெல்லாம் திரும்ப வந்துவிட்டது. அதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

முரண்டு பிடிப்பது அடுப்பங்கரைக் காட்சி. பேரனை மடியில் வைத்துக்கொள்ளும் இடம். அங்கே விறகு வெடிக்கிறது, காற்று அடிக்கிறது, பாக்ஸ்டரின் இசையும் ஓடுகிறது, கார்லாஃப் தணிந்த குரலில் பேசுகிறார். விறகு வெடிக்கும் ஒலி ஊசி ஊசியாக இருப்பதால் மென்பொருள் அதில் பாதியைக் குரல் என்று நினைத்து எடுத்துவிடுகிறது. இத்தாலியப் பக்கத்திலும் விறகு வெடிக்கிறது, ஆனால் வேறு தாளத்தில். இரண்டும் சேர்ந்தால் அடுப்பில் இரட்டை நெருப்பு எரிகிறது. ஆங்கிலப் பக்கத்து வெடிப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன். வேறு குறுக்குவழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழந்தை புதைகுழியிலிருந்து திரும்பி வந்து, அம்மா குளிருது என்று வாசலில் அழும் காட்சியைத் தொடவே பயமாக இருந்தது. ஆச்சரியமாக அது ஒரே மூச்சில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் குரல் எந்த மொழியில் வந்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

மற்ற இரண்டு கதைகளையும் இத்தாலியிலேயே விட்டுவிடப் போகிறேன். ‘டெலிபோன்’ ஏஐபி கையில் வேறு கதையாகிவிட்டதால் ஆங்கில வசனம் பொருந்தாது. ‘நீர்த்துளி’யில் பேச்சே குறைவு. சொட்டு விழும் சத்தமும் ஈயின் ரீங்காரமும்தான் அங்கே வசனம். பாவாவின் அப்பா யூஜெனியோ பாவா செய்து கொடுத்த அந்த மெழுகு முகத்துக்கு முன்னால் எந்த மொழியும் வேண்டாம். பச்சை விளக்கு ஜன்னலில் அணைந்து அணைந்து எரியும்போது ஆரோ டிஸ்க்கில் தெரியும் நிறத்தைப் பழைய டிவிடிகளில் நான் பார்த்ததே இல்லை. அதற்காகவே இந்த டிஸ்க்கை வாங்கலாம்.

மனசுக்கு ஆறாத ஒரே விஷயம் கடைசிக் காட்சி. இத்தாலியப் பிரதியின் முடிவில் கார்லாஃப் குதிரையில் வந்தபடி நம்மிடம் பேசுவார். கேமரா பின்னால் போகப்போக, அது பொம்மைக் குதிரை என்று தெரியும். ஆட்கள் மரக்கிளைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றிச்சுற்றி ஓடுவார்கள், குதிரை ஓடுகிற மாதிரி காட்ட. திகில் படத்தை இவ்வளவு சந்தோஷமாக முடித்த இயக்குநர்கள் குறைவு. ஏஐபி இதை எடுத்தே விட்டது, அதனால் அந்தப் பிரதியில் இதற்கு ஆங்கில ஒலியும் கிடையாது. இங்கே கார்லாஃப் வேறொருவர் குரலில்தான் பேசுவார். செயற்கையாக அவர் குரலை உருவாக்கி வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். மாட்டேன். அவர் பேசியது கிடைத்தால் வைப்பேன், கிடைக்காததை நான் பேச வைக்க மாட்டேன்.

இந்தக் கோப்பை யாருக்கும் தரமாட்டேன், கேட்க வேண்டாம். டிஸ்க் வாங்குங்கள். இந்தப் படங்களை இவ்வளவு நன்றாகத் துடைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன நிறுவனங்கள் நம் காசில்தான் ஓடுகின்றன. பத்துப் பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவு கணிசமாகக் குறையும். சுங்க வரிக்குத் தனியாக எடுத்துவைத்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

அடுத்து எதை எடுப்பது என்று யோசித்தேன். பாவாவின் ‘பிளாக் சண்டே’யில் எனக்கு வேலை இல்லை. 1960 படத்துக்கு இத்தாலியிலேயே ஏற்றுமதிக்காக ஓர் ஆங்கில டப்பிங் செய்துவிட்டார்கள், நிகொலோசி இசையோடு. அதன் நாயகி பார்பரா ஸ்டீலின் சொந்தக் குரல் எந்தப் பிரதியிலும் கிடையாது, ஆகவே தேடவும் ஒன்றுமில்லை. ‘ஈவில் ஐ’ என்று ஏஐபி வெளியிட்ட 1963 ரோமாபுரிக் கொலைப்படம்தான் இழுக்கிறது. இத்தாலியப் பிரதியின் தொனி இருண்டதாக இருக்கும், ஏஐபி பிரதி சிரிப்பாக இருக்கும், இரண்டிலும் மற்றதில் இல்லாத காட்சிகள் உண்டு. ஒலியைத் தொடாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு வேறுபாட்டை முதலில் எழுதிவைக்க வேண்டும்.

அதற்கு நடுவே மொண்டோ மகாப்ரோ என்ற டிஸ்க் நிறுவனம் வெளியிட்ட, இந்தித் திகில்படங்கள் எடுத்த ராம்சே சகோதரர்கள் பெட்டி வேறு காத்திருக்கிறது. ‘புரானா மந்திர்’, ‘வீரானா’, ‘பந்த் தர்வாஸா’ எல்லாம் அதில் இருக்கின்றன. பாவாவின் பச்சையும் ஊதாவும் பம்பாய் வரை எப்படி வந்து சேர்ந்தன என்று அந்தப் படங்களில் கண்ணால் பார்க்கலாம். ‘வீரானா’வை மட்டும் போட்டுப் பார்த்தேன், அதிலும் முதல் ரீல் அளவுக்குத்தான். விறகுச் சத்தத்தை அழித்து முடித்தபிறகுதான் மிச்சம்.