முதல் வாடகை வீட்டிலிருந்து மூன்றாவது வரை: நான் போட்ட கணக்குகள்

ரியல் எஸ்டேட்டில் இறங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறார்கள்: எந்த இடத்தில் விலை ஏறும்? எனக்கு அதற்குப் பதில் தெரியாது. வாடகைக்கு விடுவதற்காக ஒரு சிறிய வீட்டில் தொடங்கி இப்போது மூன்று சொத்து வரை வந்திருக்கிறேன், அதில் ஒன்றைக்கூட விலை ஏறும் என்று நம்பி வாங்கவில்லை. நான் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. வாங்கிய பிறகு வேலை போனாலும், வட்டி ஏறினாலும், குடியிருப்பவர் திடீரென்று காலி செய்தாலும், இந்தச் சொத்தை அவசரத்துக்கு விற்கிற நிலைமை எனக்கு வருமா? வராது என்று கணக்கு சொன்னால்தான் மேற்கொண்டு பேசினேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 2013-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ராபர்ட் ஷில்லர், அமெரிக்க வீட்டு விலைகளை 1890 வரை பின்னோக்கிப் போய்த் தொகுத்தார். பணவீக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அடுத்த நூறு ஆண்டில் விலை பெரிதாக எங்கும் போகவில்லை. நடுவில் இறங்கியது, பிறகு ஏறியது, அவ்வளவுதான். 2006 உச்சத்திலிருந்து 2012 வரை அதே நாட்டில் வீட்டு விலை தேசிய அளவில் கால்வாசிக்கு மேல் விழுந்தது. ஜப்பானில் 1991 வாக்கில் உச்சத்தைத் தொட்ட நகர்ப்புற நிலத்தின் விலை பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. விலை விழும்போது எல்லோரும் காகிதத்தில் நஷ்டப்படுகிறார்கள், ஆனால் கையில் இருப்பதை இழப்பது தவணை கட்ட முடியாமல் விழுந்த விலைக்கே விற்கவேண்டி வருகிறவர்கள்தான். அந்த வரிசையில் போய் நிற்கக்கூடாது என்பதுதான் என் முழுத் திட்டமும்.

வாங்குவதற்கு முன்னால் நான் உட்கார்ந்து படித்தது ரீட் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை. பலரிடம் பணம் திரட்டி அலுவலகக் கட்டடம், கிடங்கு, கடை வளாகம் என்று வாங்கி வாடகைக்கு விட்டு, வருமானத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு இது. 1960-இல் அமெரிக்காவில் சட்டம் போட்டுத் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் இருக்கிறது. வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே விதி. கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் அதில் சில பங்குகள் வாங்கிப் பழகுவது நல்ல தொடக்கம் என்பேன். நான் படித்ததற்குக் காரணம் இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் எதையெல்லாம் கவனிக்கிறார்கள் என்று பார்ப்பது. எத்தனை சதவீத இடம் வாடகைக்குப் போயிருக்கிறது, ஒப்பந்தங்கள் எந்தெந்த ஆண்டில் முடிகின்றன, செலவெல்லாம் போக நிற்பது எவ்வளவு, கடனுக்கு என்ன வட்டி, இவைதான் பக்கம் பக்கமாக வந்தன. ஒரு தனி மனிதன் ஒரே ஒரு வீடு வாங்கும்போது இந்த நான்கையும் ஏன் பார்க்கக்கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

சரி, கணக்குக்கு வருகிறேன். வீட்டின் விலை 100, ஆண்டு வாடகை 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்கிறவரும் புரோக்கரும் “ஆறு பர்சென்ட் வருது” என்று சொல்வார்கள். வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அதில் 0.5 போய்விடும். சொத்து வரி, காப்பீடு, பராமரிப்புக் கட்டணம், அவ்வப்போது வரும் பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் சேர்த்து ஒரு 1 என்று வைக்கலாம். கூரை ஒழுகுவது, வயரிங் மாற்றுவது, வெளிப்பூச்சு போன்ற பெரிய வேலைகள் எல்லா வருடமும் வராது, ஆனால் வரும்போது மொத்தமாக வரும், அதற்கு வருடம் 0.5 ஒதுக்கி வைக்க வேண்டும். மிஞ்சுவது 4. இதோடு முடியவில்லை: பத்திரச் செலவு, கமிஷன், வக்கீல் கட்டணம், முதல் பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து வீடு நமக்கு 108-க்கு வந்து விழுந்தால், உண்மையான வருமானம் 3.7 சதவீதம்தான். அமெரிக்க முதலீட்டாளர்களிடையே, கடன் தவணையைச் சேர்க்காமலே வாடகையில் பாதி செலவுக்குப் போய்விடும் என்று ஒரு தோராய விதி புழங்குகிறது. புதிய வீட்டுக்கு அது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன், பழைய வீடு என்றால் நானும் பாதி என்று வைத்துத்தான் பார்க்கிறேன்.

கடன் விஷயம்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. 9 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுக் கடன் என்றால், 100 கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 0.90. முதல் மாதத் தவணையில் 0.75 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 0.15 மட்டும். பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 71 பாக்கி நிற்கும். அசலில் பாதி அடைய கிட்டத்தட்ட 14 வருடம் ஆகும். இதை ஸ்ப்ரெட்ஷீட்டில் மாதம் மாதமாக இறக்கிப் பார்த்தபோதுதான், “வாடகையே தவணையைக் கட்டிவிடும்” என்று சுலபமாகச் சொல்வதில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று புரிந்தது. மேலே சொன்ன வீட்டையே 20 கையிலிருந்து போட்டு, 80 கடனில் வாங்கினால் வருடத்துக்குத் தவணை 8.64. வீடு தருவது 4. மீதி 4.64 நம் சம்பளத்திலிருந்து போக வேண்டும், வருடா வருடம். செலவு போக மிஞ்சும் வாடகையும் தவணையும் சமமாக வேண்டும் என்றால் கடன் 37-க்கு மேல் போகக்கூடாது. கடன் வாங்கினால் லாபம் பெருகும் என்பதும் உண்மைதான், 20 போட்ட இடத்தில் விலை 10 ஏறினால் போட்ட பணம் பாதி மடங்கு கூடியதாகக் கணக்கு. அதே விலை 20 இறங்கினால் போட்டது மொத்தமும் போச்சு, கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

இதற்கு நான் எடுத்த வழி மெதுவானது. முன்பணம் சேர்ப்பதற்காக இன்னும் சில காலம் காத்திருந்தேன், பெரிய வீட்டுக்குப் பதில் சிறிய, கொஞ்சம் பழைய, ஆனால் வாடகைக்குக் கேட்டு ஆள் வருகிற இடத்தில் இருக்கும் வீடாகத் தேடினேன். சிறிய வீடுகளில் விலையோடு ஒப்பிடும்போது வாடகை பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறது என்பது நான் தேடிய பகுதிகளில் திரும்பத் திரும்பக் கண்டது. பார்க்கப் போகும்போதெல்லாம் விளம்பரத்தில் போட்ட விலையை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் உண்மையில் எந்த விலைக்குப் பதிவானது என்று கேட்டேன். வாடகையையும் அப்படித்தான், புரோக்கர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, பக்கத்து வீடுகளில் குடியிருக்கிறவர்களிடம் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது ரொம்ப உதவியது. சுவரின் ஈரத்தை அன்றைக்கு யாராலும் மறைக்க முடியாது.

நான் மிகவும் விரும்பிய ஒரு வீட்டை விட்டதும் இந்தக் கட்டத்தில்தான். விலை, வாடகை, இடம் எல்லாம் கணக்குக்குள் வந்தது. பத்திரங்களை எனக்கென்று தனியாக வைத்த வக்கீலிடம் கொடுத்தேன். அப்பாவின் பெயரில் இருந்த வீடு, அவர் காலமான பிறகு பிள்ளைகளில் இரண்டு பேர் சேர்ந்து விற்கிறார்கள், மூன்றாவது பிள்ளை தன் பங்கை விட்டுக்கொடுத்ததற்கு எந்தப் பத்திரமும் இல்லை. விற்கிறவர், “அவர் வெளிநாட்டில் செட்டில் ஆகிட்டார், எதுவும் கேட்க மாட்டார்” என்றார். வக்கீல் சொன்னது: “இன்னைக்குக் கேட்க மாட்டார் சார். விலை ஏறினா கேட்பார்.” அவர் கையெழுத்து வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக் காத்திருந்தேன், வரவில்லை, விட்டுவிட்டேன்.

அந்த வக்கீல்தான் எனக்கு ஒரு விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார், அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு. இந்த முறை இல்லாத இடங்களில் பதிவு அலுவலகம் செய்வது பத்திரத்தை வாங்கிப் பதிந்து வைப்பது. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அது உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் மூலப்பத்திரத்திலிருந்து சங்கிலி அறுபடாமல் வருகிறதா, அடமானம், வழக்கு, வாரிசுப் பங்கு என்று ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கியே கடன் கொடுக்கிறதே, அப்படியானால் பத்திரம் சரியாகத்தானே இருக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வங்கி பார்ப்பது தன் கடன் திரும்பி வருமா என்பதை, நம் முன்பணத்தை அது பார்க்காது. நீங்கள் எந்த ஊரில், எந்த நாட்டில் வாங்கினாலும் அங்கே இந்த இரண்டில் எந்த முறை நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் வாங்கிய முதல் வீட்டில் குடிவைத்த கதையில் சொல்ல அதிகம் இல்லை. வாடகையைப் போல மூன்று மடங்காவது மாத வருமானம் இருக்கிறதா, முன்பு இருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், இந்த இரண்டைத்தான் பார்த்தேன். எழுத்தில் ஒப்பந்தம், சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் இருவருமாகச் சேர்ந்து படம் எடுத்து வைத்துக்கொள்வது, ஏதாவது பழுது என்று சொன்னால் உடனே ஆள் அனுப்புவது. நல்ல குடித்தனக்காரருக்காகச் சந்தை வாடகையைவிடக் கொஞ்சம் குறைத்து வாங்குவதை நான் நஷ்டமாக நினைப்பதில்லை. ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது, புதியவர் வருமுன் பூசவும் மாற்றவும் ஆகும் செலவு தனி.

இரண்டாவது வீட்டுக்குப் பணம் சேர்ந்த விதம் எளிது: முதல் வீட்டின் வாடகையில் ஒரு காசைக்கூட வீட்டுச் செலவுக்கு எடுக்கவில்லை. அதற்கென்று தனி வங்கிக் கணக்கு, வாடகை அதில் வரும், வரியும் பழுதும் தவணையும் அதிலிருந்தே போகும். ஆறு மாதத் தவணைக்கும் செலவுக்கும் ஆகும் தொகை அந்தக் கணக்கில் எப்போதும் தொடாமல் கிடக்க வேண்டும், அதற்கு மேல் சேருவதுதான் அடுத்த முன்பணம். முதல் வீட்டின் மேல் கூடுதல் கடன் எடுத்து உடனே இரண்டாவதை வாங்கலாம் என்று கடன் கொடுக்கிறவர்கள் ஆர்வமாகக் கூப்பிட்டார்கள். இரண்டையும் ஒரே கடனுக்கு ஈடாக வைத்தால், ஒன்றில் வரும் தொல்லை மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதால் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு சொத்தும் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதில் நான் ரொம்பப் பிடிவாதம், இதனால் வளர்ச்சி மெதுவாகிறது என்று சொல்கிறவர்கள் சொல்வதும் உண்மைதான், ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன்.

வட்டி ஏறிய காலத்தில் இந்தப் பிடிவாதம் கைகொடுத்தது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 7 சதவீதத்தில் தொடங்கிய 20 ஆண்டுக் கடன் தொடக்கத்திலேயே 9 சதவீதத்துக்குப் போனால் தவணை சுமார் 16 சதவீதம் கூட வேண்டும். பல இடங்களில் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிடுகிறார்கள், நமக்கும் மாதச் செலவு மாறாததால் தெரிவதில்லை. அதே தவணையை வைத்துக்கொண்டால் அந்தக் கடன் முடிய ஏறக்குறைய 38 ஆண்டு ஆகும்! எனக்கும் காலத்தை நீட்டித்தான் கடிதம் வந்தது. தவணையைக் கூட்டுங்கள், காலம் பழையபடியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன், கடன் சிறியதாக இருந்ததால் கூடிய தவணையையும் வாடகையே தாங்கியது.

மூன்றாவதை வேண்டுமென்றே வேறு பகுதியில் வாங்கினேன். முதல் இரண்டிலும் குடியிருப்பவர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலைக்குப் போகிறவர்கள், அந்த வேலைகளுக்கு ஏதாவது ஆனால் இரண்டு வீடும் சேர்ந்தே காலியாகும். இது ரீட் அறிக்கைகளில் படித்ததுதான், ஒரே வாடகைதாரரிடமிருந்து, ஒரே துறையிலிருந்து எத்தனை சதவீதம் வருகிறது என்று அவர்கள் தனியாகக் காட்டுவார்கள்.

இப்போது ஒரு சிறிய கடை இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைகளுக்கு ஒப்பந்தம் நீளமாகப் போடலாம், உள்வேலைகளைப் பெரும்பாலும் வாடகைக்கு வருகிறவரே செய்துகொள்வார். காலியானால் அடுத்த ஆள் வர வீட்டைவிட ரொம்ப நாள் ஆகும் என்பதால் ஆறு மாத இருப்புக்குப் பதில் ஒரு வருடத்துக்கு வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். விற்கிறவர் சொல்லும் வாடகைக்குக் கடந்த சில ஆண்டுகளின் வங்கி வரவைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை. வந்தால் வக்கீலிடம் பத்திரத்தைக் கொடுப்பேன், வராவிட்டால் அடுத்த இடத்தைப் பார்க்கப் போவேன்.