செப்டம்பர்க் குறிப்புகள்

செப்டம்பர் 18
1931, இரவு 10.20. சீனாவின் மஞ்சூரியாவில், முக்டென் நகரத்துக்கு வடக்கே, ஜப்பானியர் நடத்திய ரயில்பாதையின் தண்டவாளத்தில் வெடி. சேதம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. சற்று நேரத்தில் சாங்சுன் விரைவு ரயில் அதே இடத்தைக் கடந்து போனது. வைத்தது மஞ்சூரியாவில் நின்ற ஜப்பானின் குவான்துங் படை, திட்டம் அதன் அதிகாரிகள் இஷிவாராவும் இதாகாகியும் போட்டது, பழி சீனர்மேல். மறுநாளே நகரம் அவர்கள் கையில்.

செப்டம்பர் 19
டோக்கியோ அமைச்சரவை கூடியது. சண்டையை விரிவாக்குவதில்லை என்று முடிவு. காகிதத்தில்.

செப்டம்பர் 21
இந்த நாள்தான் என்னை அரிக்கிறது. குவான்துங் படை கிழக்கே கிரின் நகருக்குப் படையனுப்பி, முக்டெனில் காவலை வேண்டுமென்றே மெலிய வைத்தது. அந்த ஓட்டையைக் காட்டித் துணைப்படை கேட்டது. ஜப்பான் ஆண்ட கொரியாவிலிருந்த தளபதி ஹயாஷி செஞ்சூரோ 39ஆம் கலப்புப் பிரிகேடை எல்லையான யாலு ஆற்றுக்கு அப்பால், மஞ்சூரியாவுக்குள் அனுப்பினார். நாட்டு எல்லை தாண்டப் பேரரசர் ஆணை வேண்டும், ஆணை வரவில்லை. அதிகாரம் மீறிப் படை நகர்த்தும் தளபதிக்கு ராணுவச் சட்டத்தில் மரண தண்டனைவரை உண்டு.

செப்டம்பர் 22
அமைச்சரவையில் அதை யாரும் ஆதரிக்கவில்லை. ஆனால் படை போய்விட்டதே என்று செலவுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். பேரரசர் இசைவும் பின்னாலேயே வந்தது. அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு படைத்தலைமையைப் பேரரசரிடம் வைத்திருந்தது. ராணுவத் தலைமையகம் அதைச் சொல்லியே அமைச்சர்களை வாயடைத்தது. சரி, பணப்பை? அது பிரதமர் வகாட்சுகியின் அரசிடம்தானே இருந்தது! பணம் மறுத்திருந்தால் தரைப்படை அமைச்சர் விலகியிருக்கலாம், அமைச்சரவை கவிழ்ந்திருக்கலாம். கவிழ்ந்தால்தான் என்ன? டிசம்பரில் எப்படியும் கவிழ்ந்தது.

செப்டம்பர் 23
பணம். மறுபடியும் அந்தப் பணம்.

செப்டம்பர் 25
படை அமைச்சர் பணியிலிருக்கும் ஜெனரலாகவோ அட்மிரலாகவோ இருக்க வேண்டும் என்பது 1900இன் விதி. 1913இல் ஓய்வுநிலை அதிகாரிகளுக்கும் வழி திறந்தது. இளம் அதிகாரிகள் டோக்கியோவில் நடத்திய பிப்ரவரி 26 கலகத்துக்குப் பிறகு, 1936 மேயில், பிரதமர் ஹிரோட்டாவின் அரசு அந்த வழியை அடைத்தது. இனிப் படை ஆள் தராவிட்டால் அரசே இல்லை. 1932இல் பிரதமர் இனுகாயைக் கடற்படை அதிகாரிகள் சுட்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த விதியை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 1937 ஜனவரியில் அரசமைக்க அழைக்கப்பட்டவர் ஜெனரல் உகாகி. 1925இல் தரைப்படை அமைச்சராக நான்கு டிவிஷன்களைக் கலைத்தவர். படை அவருக்கு அமைச்சராக யாரையும் தரவில்லை. சில நாளில் கைவிட்டார். அந்த நாற்காலிக்கு வந்தவர் யார்? ஹயாஷி செஞ்சூரோ. யாலுவைத் தாண்டியவர். பிரதமர்.

செப்டம்பர் 26
1940 ஜூலை. ஹிட்லரோடு கூட்டு வேண்டாம் என்ற யோனாய் பிரதமர். தரைப்படை அமைச்சர் ஹாட்டா விலகினார், மாற்று ஆள் தரப்படவில்லை, அரசு விழுந்தது. ஒரு குண்டும் செலவாகவில்லை.

செப்டம்பர் 27
1940. பெர்லினில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்று நாட்டு ஒப்பந்தம், கையெழுத்து. யோனாய் போய் இரண்டு மாதம்தான்.